மூடிப்போன மீன்கூடை

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தட்டு... தட்டின் மேல் துணி. ஏழு மாதமாக அந்த வீட்டை நேராகப் பார்க்காதவன் நான்.

காரணம், வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்திதான்.

போலகத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். வாரா வாரம் எழுத விஷயம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டு. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றவனை ஒருவர் மதித்துக் கேட்டால் தலை கொஞ்சம் கனக்காதா? ஜன்னலைத் திறந்து தெருவைப் பாருங்கள், போதும் என்று எழுதினேன். அதோடு விட்டேனா? உதாரணம் வேறு!

மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை தெரு முழுக்கக் கூவிக்கொண்டு வருவார். ஒரு வீடு நெருங்கினால் மட்டும் குரல் நின்றுவிடும். கூடையை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு, மறுபக்கமாக ஒதுங்கிப் போவார். ஏன்? சண்டையா? பழைய கோபமா? இதை வைத்து நீங்களே ஒரு கதை பின்னுங்கள் என்று முடித்திருந்தேன்.

எங்கள் தெருப் பெண்கள் கதை பின்னவில்லை. ஒரே நாளில் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் அஞ்சலை வந்தார். கூடையை இறக்கவில்லை.

"நீங்க எழுதுனதப் படிச்சுக் காட்டுனாங்கய்யா. ஒங்க எதிர்வூட்டு மருமவப் பொண்ணுக்கு இப்பத்தான் மூணாம் மாசம், மீன் வாடையே ஆவல. ரெண்டு தடவ தங்காமப் போயி, இதாவது தங்கட்டும்னு அஞ்சாம் மாசம் வரைக்கும் வெளிய சொல்ல வேணாம்னு வச்சிருந்தாங்க. நான் மூடிக்கிட்டுப் போனத நீங்க தொறந்து காட்டிட்டீங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றாள் மனைவி. தபால்காரரிடம் பேசவே நாலு தடவை ஒத்திகை பார்ப்பவன் நான். அவளையே அனுப்பினேன். பெரியம்மா திட்டவில்லையாம். திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரியம்மா எங்கள் வாசலில் குனிந்து என் காலடி மண்ணை அள்ளிக்கொண்டு போனார். உப்பு, மிளகாயோடு மருமகளுக்குச் சுற்றி அடுப்பில் போட. கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். அன்றைக்குத் தெருவில் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் நம்புகிறவனா? இல்லை. ஆனாலும் அடுத்த செவ்வாய் விடிந்ததும், வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் இறங்கி, அழுத்தி அழுத்தி நாலு அடி நடந்தேன். மண் நன்றாக எடுபட வேண்டுமே! அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் நடந்தேன். பெரியம்மாவும் ஒவ்வொரு செவ்வாயும் வந்தார்.

எதிரில் ஒரு ரிக்‌ஷா நின்றால் எனக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரிக்கா? இல்லை, மருமகளைப் பார்க்க விழிதியூரிலிருந்து சம்பந்தி வருகிறாரா? மனைவியைத்தான் எட்டிப் பார்க்கச் சொல்வேன்.

அஞ்சலையும் இதே தெருவைத்தானே பார்க்கிறார்? என்னைவிட நன்றாகவே பார்க்கிறார். பார்த்ததும் கூடையை மூடத் தோன்றியது அவருக்கு. எனக்குப் பேனாவைத் திறக்கத் தோன்றியது...

தட்டுக்கு வருகிறேன். பெரியம்மா துணியை விலக்கினார். சர்க்கரைப் பொங்கல்.

"பேத்திய நேத்து தொட்டில்ல போட்டோம் தம்பி. இனிமே எழுதிக்குங்க, பரவால்ல. வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். மாலையில், மனைவியோடு, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி.

குழந்தை யார் ஜாடை என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் பார்த்தது தொட்டில் மாட்டிய உத்தரத்தைத்தான்.