ராஜ மலைப்பாம்பின் முதுகுவரி

எங்கள் வீட்டில் மாதா சொரூபம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் இருந்தது. மாதாவின் காலடியில் ஒரு பாம்பு மிதிபட்டுக் கிடக்கும். அதே வீட்டின் பின்னறையில், கண்ணாடித் தொட்டிக்குள், விளக்குச் சூட்டில் இன்னொரு பாம்பு சுகமாகப் படுத்திருந்தது. இந்த நிலைமையை அம்மா எவ்வளவு காலம் பொறுப்பார் என்பதுதான் எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில் என் ஒரே கவலை.

பாம்பைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கனடாவில், மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், எங்கள் வாடகை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருவன் வேறு மாகாணத்துக்குக் குடிபெயரும்போது அதை மாமாவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது. பிரெஞ்சில் அதற்கு ராஜ மலைப்பாம்பு என்று பெயர், ஆனால் ராஜாவுக்குரிய கோபம் எதுவும் அதனிடம் இல்லை. இந்த இனத்துக்கு முதுகெல்லாம் கறுப்பும் மண்ணிறமுமாகத் திட்டுகள் இருக்கும். எங்கள் பாம்புக்கோ கழுத்திலிருந்து பாதி உடம்புவரை ஒரு மஞ்சள் வரி நேராக ஓடி, பிறகு மனம் மாறியதுபோலத் திட்டுகளாக உடைந்துபோகும். "இது மோர்ஃப்" என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பரம்பரையில் இறங்கும் அபூர்வமான கோலம் என்று அதற்கு அர்த்தமாம்.

பரம்பரை என்ற பேச்சு அம்மாவுக்குப் பிடித்தமானது. அந்த நாட்களில் அவர் மாமாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, எந்தக் கோயில் பங்கு, யாருடைய பேத்தி, அண்ணன்மார் என்ன செய்கிறார்கள் என்று தொலைபேசியில் துருவித் துருவி விசாரிப்பார். மாமா ஒருத்தியின் மூக்கையும் இன்னொருத்தியின் உயரத்தையும் குறை சொல்லித் தப்பிவிடுவார். பாம்பையும் அம்மா அதே தராசில்தான் நிறுத்தார்.

"உது நல்ல வம்சமெண்டாக் கிடக்கட்டும். சும்மா பாம்பெண்டாப் பெரிய வெள்ளிக்கு முன்னம் வெளியாலை போயிடவேணும், சொல்லிப்போட்டன்."

எனக்கு அந்தப் பாம்பின்மேல் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் செய்வேன். அது எப்படியாவது நல்ல வம்சமாக இருக்கவேண்டும் என்று, மிதிபட்ட பாம்பைப் பார்க்காமல், மாதாவின் முகத்தை மட்டும் பார்த்து மன்றாடினேன்.

வம்சம் விசாரிக்க மாமா ஓர் ஆளைக் கண்டுபிடித்தார். நகரின் மேற்குப் பக்கம், கர்க்லாண்டில், பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக் பெண். வாரநாட்களில் பாடசாலை பஸ் ஓட்டுவார், வீட்டு நிலவறையில் இதே இன மலைப்பாம்புகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பாம்புக்காரி என்று பெயர் வந்துவிட்டது. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"கடையிலை கதைக்கிற பிரெஞ்சு பாம்புக்குக் காணாது பிள்ளை. நீதான் எனக்கு மொழிபெயர்க்கவேணும்."

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். தலையணை உறைக்குள் பாம்பை விட்டு முடிச்சுப் போட்டு, அதைத் தன் குளிர் ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு, மாமா பனிக்குள் நடந்து காருக்கு வந்தார்.

பாம்புக்காரி சிரித்த முகம். எங்கள் பாம்பைப் புரட்டி வயிற்றைப் பார்த்தார், பக்கவாட்டைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை இழுத்துத் தன் குட்டிகளைக் காட்டினார். எல்லாம் ஒரே தாயின் ஒரே ஈற்று முட்டைகளில் பொரித்தவை. ஒன்றின் திட்டு வட்டம், ஒன்றின் திட்டு நீளம், ஒன்றின் கழுத்தில் அரைகுறையாக ஒரு வரிகூட இருந்தது. அத்தனையும் சாதாரணப் பாம்புகள்தான் என்றார். முட்டைக்குள் இருக்கும்போது சூடு கூடிக் குறைந்தாலும் வரி விழுமாம், அது அந்தப் பாம்போடு போய்விடும். பரம்பரை வரி என்றால் குட்டிக்கு இறங்கும், இல்லையென்றால் பேரக்குட்டிக்காவது இறங்கும். கண்ணால் மட்டும் பார்த்து நூறு வீதம் சொல்வது கடினம். இவ்வளவையும் நான் மூச்சுப் பிடித்துத் தமிழில் சொல்லி முடித்தேன். மாமா மிகவும் கவனமாகக் கேட்டார்.

அதன்பிறகு மேலே குசினியில் எனக்குச் சூடான சொக்லேட் கிடைத்தது. குடித்துவிட்டு இறங்கி வந்தபோது மாமா சொன்னார், "தோல் கழட்டினாப்பிறகு திரும்பக் கொண்டுவரட்டோ எண்டு கேள் பிள்ளை." கேட்டேன். பாம்புக்காரி மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொண்டுவரச் சொன்னார்.

தவக்காலம் முழுக்க எங்களுக்குச் சனிக்கிழமையென்றால் கர்க்லாண்டுதான். ஒருமுறை கழற்றிய தோலைக் காட்ட, ஒருமுறை நிறை பார்க்க, ஒருமுறை அது எலி தின்னவில்லை என்று முறையிட. மாமா முகம் வழித்து வாசனை பூசிக்கொண்டு வருவார். வாசனை பாம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் எச்சரித்தும் கேட்கவில்லை. அம்மா பொரித்த மீன் ரோல்ஸும் ஒரு பெட்டியில் கூடவே வரும். வீட்டில் புதுப் படம் ஏதும் வந்தால் மாமா இப்போது மூக்கையும் பார்ப்பதில்லை.

"முதல்லை பாம்பு விசயம் முடியட்டும் அக்கா" என்பார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. அம்மாவின் கெடுவைப் பாம்புக்காரியிடம் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முழங்காலிட்டு என் கண்ணைத் துடைத்தார். பாம்பு இங்கேயே இருக்கட்டும், இது பெண்தானே, தன் ஆண் பாம்போடு சேர்த்துப் பார்க்கலாம், முட்டை வந்து குட்டி வந்து, அந்தக் குட்டிகளும் வளர்ந்து முட்டையிட்டால் வரி பரம்பரையா இல்லையா என்று தெரிந்துவிடும், அதற்குப் பல வருசம் பிடிக்கும், அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது வந்து பார்க்கவேண்டும் என்றார்.

நான் மாமாவின் பக்கம் திரும்புவதற்குள் அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

"நான் இன்னும் சொல்லேல்லை மாமா" என்றேன்.

"நீ சரியாத்தான் சொல்லுவாய் எண்டு தெரியும் பிள்ளை" என்றார் மாமா. அவருடைய காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. இரண்டு பேரும் ஏனோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா கேட்டதுபோலப் பாம்பு வெளியே போய்விட்டது. எனக்கோ அதன் பேரக்குட்டிகள்வரை பார்க்கக் கிடைக்கப்போகிறது என்று ஒரே பெருமை.

பாம்புக்காரி எனக்கு மாமியாகிப் பல வருசங்களுக்குப் பிறகு, ரோல்ஸுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். நான் சொக்லேட் குடித்த அந்த முதல் நாளே, இது சூட்டில் விழுந்த வரி, சாதாரணப் பாம்புதான், இனி வரத்தேவையில்லை என்று மாமாவிடம் நேரே சொல்லிவிட்டாராம். மாமாவும் நல்ல பிரெஞ்சில் நன்றி சொன்னாராம்.

பாம்பைக் கர்க்லாண்டில் விட்டுவிட்டு அன்று திரும்பி வரும்போது எனக்கு இது ஒன்றும் தெரியாது. வெறும் தலையணை உறை என் மடியில் கிடந்தது. மாமா வழி முழுக்க விசில் அடித்துக்கொண்டு வந்தார். பாம்பைப் பிரிந்த துக்கத்தை எனக்குக் காட்டாமல் மறைக்கிறார் என்று நினைத்து, எனக்கு நெஞ்சு கரைந்தது.

"கவலைப்படாதேங்கோ மாமா" என்று அவருடைய கையைத் தடவிக்கொண்டே வந்தேன். "ஏழு நாள்தானே, கெதியாப் போயிடும்."