விரதத்தில் உள்ளீர்களா?

முப்பத்தொரு வருடங்கள் அரசாங்கத்துக்காகச் சொற்களை மாற்றிக்கொண்டிருந்தவன் நான். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உண்மையான மொழிபெயர்ப்பு என்று உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி அனுப்புவது என் வேலை. ஒரு சொல் பிழைத்தால் எங்கோ ஒருவருக்கு ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்த சுற்றறிக்கையையும் மூன்று முறை வாசித்தேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த வீட்டில், என் மனைவியின் கையிலிருந்த ஒரு சொல்லை ஒரு முறைகூட வாசிக்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. யார் யார் மேல் என்பதை ஒழுங்காகவே சொல்கிறேன்.

மனைவிக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். இரவில் பதினான்கு அலகு இன்சுலின். காலையில் சாப்பிடுவதற்கு முன்னும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னும் விரலில் குத்திப் பார்த்து, தடித்த அட்டை போட்ட ஒரு சியார் கொப்பியில் எழுதி வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காலைப் பரிசோதனை இல்லை. அன்றைக்கு எழுந்தவுடன் குளிப்பு, பூ, கோயில். கொப்பியில் மாவும் மஞ்சளும் ஒட்டியிருக்கும், ஆனால் எந்த எண் எப்போது எடுத்தது என்பதில் ஒருநாளும் ஐயம் வந்ததில்லை.

பிறகு, நாங்கள் போகும் தனியார் கிளினிக்கில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். இனிமேல் அளவீடுகளைக் கைத்தொலைபேசிச் செயலியில்தான் பதிய வேண்டும், கொப்பிகள் ஏற்கப்படமாட்டா. அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழுக்கு அந்தத் தாளில் இடம் மட்டும் விட்டிருந்தார்கள். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து இரண்டு நிமிட நடையில் இருக்கும் கிளினிக். வாசலில் வரிசையில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் தமிழில்தான் இருமிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தாதி மனைவியின் போனை வாங்கி அந்தச் செயலியை இறக்கி, ஆங்கிலத்தை அழுத்தப் போனபோது நான் குறுக்கே கையை நீட்டினேன். தமிழ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஆங்கிலத்தைத்தான் போடுகிறார்கள் என்றார். அதற்குப் பதிலாக நான் மொழியுரிமை பற்றி ஒரு சிறிய உரை நிகழ்த்தினேன். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாதி தமிழை அழுத்தினார். வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மனைவி குசினியிலிருந்து சொன்னார்:

"இஞ்சேருங்கோ, உங்கட ஆப் நல்ல சைவப் பழம். விரதமோ எண்டெல்லாம் விசாரிக்குது."

நான் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சிரித்தேன். அவருடைய வழக்கமான நக்கல் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்க்க எடுத்திருக்கக்கூடியது பத்து அடி.

டொக்டர் அந்தத் தமிழ்த் திரையைக் காண்பதில்லை. செயலி ஆறு வாரத்துக்கு ஒரு முறை தானாகவே ஓர் ஆங்கில அறிக்கையைத் தயாரிக்கும். அதை நான் காலி வீதியில் ஒரு கடையில் அச்செடுத்து, அட்டைக் கோவையில் இட்டு, ஓரம் மடியாமல் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதில் இரண்டு நிரல்கள்: பாஸ்டிங், பாஸ்டிங் அல்லாதது. நீலக் கோடு, செம்மஞ்சள் கோடு. மிக அழகான அறிக்கை. அரசாங்கத்தில் இருந்த காலத்தில் இப்படி ஒன்றைத் தந்திருந்தால் எனக்குப் பதவியுயர்வே கிடைத்திருக்கும்.

டொக்டர் எங்கள் மகன் வயது. மரியாதையானவர். நீலக் கோட்டைப் பேனையால் தட்டினார்.

"பாஸ்டிங்தான் கூட நிக்குது அன்ரி. இருநூற்றைம்பதுக்கு மேல. சாப்பிட்ட பிறகு அவ்வளவு மோசமில்லை."

வெறும் வயிற்றில் கூடுதலாகவும் சாப்பிட்ட பின் குறைவாகவும் எப்படி இருக்கும் என்று கேட்டேன். விடியற்காலையில் ஈரல் தன் பாட்டில் சீனியை விடும், அப்படி நடப்பதுண்டு என்றார். படித்தவர் சொன்னால் தலையாட்டும் பழக்கம் எனக்கும் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை ஒரு தடவை செய்து பார்ப்போமா என்றேன். செயலியில் எல்லாம் இருக்கிறதே என்றார். இரவு இன்சுலின் பதினான்கிலிருந்து இருபது ஆனது.

அடுத்த நாட்களில் காலை அளவுகள் எண்பதுக்கு இறங்கின. பிறகு எழுபத்திரண்டு. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு பச்சைப் பூ விரிந்து "மிகச் சிறப்பு!" என்றது. மனைவி அந்தப் பூவை என்னிடம் காட்டினார். நான் பூவைப் பார்த்தேன், அதற்கு மேலிருந்த வரியைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கோயிலில் விழுந்தார்.

விழுந்தார் என்றால் தடாலென்று அல்ல. பூசை முடிய நேரமாகிவிட்டது, பதினொரு மணி இருக்கும், காலையிலிருந்து ஒரு வாய் தேநீரும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இருந்தார். நெற்றியில் இருந்த திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "கார் எங்க விட்டனீங்கள்?" என்றார். எங்களிடம் ஒருநாளும் கார் இருந்ததில்லை.

சுற்றி நின்றவர்கள், விரதம்தானே, பசி மயக்கம், கொஞ்சம் காற்று விடுங்கள் என்றார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒரு சிங்களப் பெண்தான், அருச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மெயாட்ட சீனி அடு வெலா" என்றார். இவருக்குச் சீனி குறைந்துவிட்டது. தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றாகவே இருக்கும் அந்த ஒரு சொல் எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் தன் தட்டிலிருந்த கற்கண்டை, சாமிக்குப் போக வேண்டியதை, மனைவியின் வாயில் வைத்தார். பிறகு வாழைப்பழம். பத்து நிமிடத்தில் மனைவி என்னை அடையாளம் கண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அந்தப் பெண்ணுக்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. முச்சக்கரவண்டி தேடி ஓடினேன்.

வீட்டுக்கு வந்து, அவரைப் படுக்க விட்டு, போனை எடுத்தேன். முதல் தடவையாக அந்தச் செயலியைத் தமிழில் பார்த்தேன். எண்ணைப் பதிந்ததும் கேள்வி வருகிறது: "நீங்கள் விரதத்தில் உள்ளீர்களா?" கீழே ஆம், இல்லை. தொடக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஆம். மற்ற நாட்கள் எல்லாம் இல்லை, காலை வெறும் வயிற்றில் எடுத்தவையும்.

"இதென்னப்பா, வெள்ளிக்கிழமை மட்டும் ஓம் எண்டு போட்டிருக்கிறீர்?"

"வெள்ளிக்கிழமைதானே விரதம்."

"அது மத்தியானம் சாப்பிட்ட பிறகு எடுத்தது."

"ஓம். விரதச் சாப்பாடு."

"மற்ற நாள் விடியப்பறம், வெறும் வயித்தில எடுத்ததுக்கு ஏன் இல்லை எண்டு போட்டனீர்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் அவரைக் கள்ளியாக்கப் பார்க்கிறேன் என்ற முகம்.

"செவ்வாய்க்கிழமை நெத்தலிப் பொரியல் செய்துபோட்டு விரதம் எண்டு பொய் போடச் சொல்லுறீங்களோ?"

எங்கள் வீட்டில் விரதம் என்றால் மீனும் இறைச்சியும் இல்லாத நாள். காலையில் பட்டினிதான், ஆனால் மத்தியானம் வாழையிலையில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயசம். வாரத்தில் அவருக்குச் சீனி மிகக் கூடும் சாப்பாடு அதுதான். அந்த அளவுகளைத்தான் செயலி பட்டினி அளவுகள் என்று நீலக் கோடாக வரைந்து, டொக்டர் தட்டிப் பார்த்து, ஆறு அலகு கூட்டினார். மனைவி ஒரு பொய்யும் பதியவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார். அந்த அறிக்கையை வாசிக்கக்கூடியவனாக, தமிழ்த் திரையையும் ஆங்கிலத் தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கக்கூடியவனாக இந்த முழுச் சங்கிலியிலும் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் தாளின் ஓரம் மடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவுக்கு எத்தனை அலகு என்று கேட்கக் கிளினிக்குக்கு எடுத்தேன். சந்திப்புகள் செயலி மூலம் மட்டும் என்றார்கள். செயலி பத்தொன்பது நாளுக்குப் பிறகு ஒரு நேரம் தந்தது. பத்தொன்பது இரவு, அதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை. நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு முச்சக்கரவண்டியில் நேரே போய் வரவேற்பில் நின்றேன். முடியாது என்றார்கள். சத்தம் போடுவது தெரியாதவர்கள் செய்கிற வேலை. மறுப்பை எழுத்தில் தரும்படியும், கீழே பெயர், பதவி, நேரம் மூன்றையும் குறிக்கும்படியும் தாழ்ந்த குரலில் கேட்டு, என் பேனையையும் நீட்டினேன். இருபது நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

டொக்டர் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய முகம் மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். பதினான்குக்கே இறக்கினார், இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். பிறகு கணினியில் ஒரு வரி தட்டினார். எனக்கு மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து தலைகீழாக வாசிக்கும் பழக்கம் உண்டு, திணைக்களத்தில் கற்றது. திரையோ பாதி என் பக்கம் திரும்பியே இருந்தது. நோயாளி பிழையாகப் பதிந்துள்ளார் என்று எழுதியிருந்தார்.

அதை மாற்றச் சொன்னேன்.

"அங்கிள், அது சும்மா ஒரு குறிப்பு."

"சும்மா ஒரு சொல்லாலதான் டொக்டர் இவ கோயில்ல விழுந்தவ."

பதிவை அழிக்க முடியாது என்றார். அழிக்கக் கேட்கவில்லை, திருத்தம் சேர்க்கலாம் என்றேன். கேள்வி பிழையாக மொழிபெயர்க்கப்பட்டது, நோயாளி சரியாகவே பதிலளித்தார் என்று வாசகத்தை நானே சொன்னேன். அவர் தட்டினார். மனைவி என் சட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார், போதும் என்று. போதவில்லை.

திங்கட்கிழமை செயலிக்காரருடைய உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். சிங்களத்தில் பேசினார்கள். நான் தமிழில் காத்திருந்தேன். கடைசியில் ஓர் இளம் பெண் வந்தார். நான் நடந்ததைப் பந்தி பந்தியாகச் சொல்லி, இந்தத் தமிழை எழுதியவர் யார் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் எழுதல்ல சேர். சிஸ்டம் தானாப் போடுறது."

ஒருவரும் வாசிப்பதும் இல்லையா என்றேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு, பழைய குரலில் அல்லாமல், மெதுவாகச் சொன்னார்:

"சேர், எங்க அம்மாவும் இதத்தான் பாவிக்கிறாங்க. நாங்க கொட்டாஞ்சேனை, கத்தோலிக்க வேதக்காரர். எங்க உபவாசத்துக்குப் பேர் ஒருசந்திதானே, விரதம் இல்லையே. அம்மா எல்லா நாளும் இல்லைன்னுதான் போடுறாங்க."

அப்படியென்றால் அந்த அம்மாவின் அறிக்கையில் நீலக் கோடே இருக்காது. மாளிகாவத்தையில் நோன்பு பிடிக்கிற முஸ்லிம்கள் எதை அழுத்துகிறார்களோ. இரத்தம் எடுக்கும் இடங்களில் காலங்காலமாகச் சாப்பிடாமல் வாருங்கள் என்றுதான் சொல்கிறார்கள், அது விளங்காத ஒருவரையும் நான் கண்டதில்லை. அந்தப் பெண்ணை ஒரு தாள் எடுக்கச் சொன்னேன். "சாப்பிட முன்", "சாப்பிட்ட பின்" என்று சொல்லி, தாயின் போனுக்குப் பின்னால் ஒட்டும்படியும், இன்றே கிளினிக்குக்குச் சொல்லும்படியும் சொன்னேன். எழுதிக்கொண்டேன் சேர் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முறைப்பாட்டையும் பதிந்துகொண்டார். அதன் இறுதியில், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரங்களில் குறிக்கச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி வந்தது.

நான் விடவில்லை. செயலிக்காரருக்கு ஏழு பந்தியில் ஒரு கடிதமும் எழுதினேன், மூன்று மொழியிலும். விரதம் என்ற சொல் உணவு உண்ணாத நிலையைக் குறிக்கப் போதாது என்று இரண்டாம் பந்தியில் விளக்கி, பொருத்தமான சொல்லை நான்காம் பந்தியில் கொடுத்திருந்தேன்.

மனைவி செயலியை மூடிவிட்டுக் கொப்பிக்குத் திரும்பியிருந்தார். டொக்டர் கொப்பியைப் பார்க்கிறார், அறிவித்தலில் என்ன இருந்தாலும். ஆனால் வெள்ளிக்கிழமை விரதத்தை விடமாட்டேன் என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு: கோயிலுக்குப் போக முன் விரலில் குத்திப் பார்ப்பது, ஒரு பழம் சாப்பிடுவது, சேலை முடிச்சில் கற்கண்டு.

சென்ற வெள்ளிக்கிழமை காலை குத்திப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. கொப்பியில் எழுதினார். அந்த நேரம் பார்த்துப் போன் மணியடித்தது. செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. உங்கள் ஆலோசனைக்கு அமைய மேம்படுத்தப்பட்டது என்று ஒரு வரி. இம்முறை நான் பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து போனேன். யாரோ, அல்லது எதுவோ, என் இரண்டாம் பந்தியை மட்டும் வாசித்திருந்தது.

மனைவி கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார்: "நீங்கள் உண்ணாவிரதத்தில் உள்ளீர்களா?"

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு எதிராய் எண்டு கேக்கேல்லையே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனையை எடுத்து, முதற் கடிதத்தின் பிரதியைத் தேடினேன். அவர் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.