டாலாவில் ஒரு வெட்டுப்பட்ட ரோமக் காசு

சென்ற தை மாதம் யாங்கோன் போனேன், ஒரே ஒரு காசைப் பார்க்க. நான் நாணயப் பைத்தியம் முற்றிய கரூர்க்காரன். யாங்கோன் ஆற்றின் அக்கரையில் உள்ள டாலாவில் வசிக்கும் மா செல்வி (‘மா’ என்றால் பர்மியத்தில் அக்கா) என்ற தமிழ்ப் பெண், முகநூல் குழுவொன்றில் தன் தாலிக் கயிற்றில் கோத்திருந்த காசைப் படமெடுத்துப் போட்டு, இது எந்த ராஜா என்று கேட்டிருந்தார். மகள் கல்யாணத்துக்காக இதை உருக்கப் போவதாகவும் ஒரு வரி. நான் வந்து பார்க்கும்வரை உருக்காதீர்கள் என்று எழுதிவிட்டு விசாவுக்குக் காத்திருந்தேன்.

பொன்னுருக்கு நாளன்று காலை 7.40க்குப் படகேறினேன். ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம். அக்கரையிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் மூன்று கிலோமீட்டர், கூலி பர்மியப் பணத்தில் மூவாயிரம் சாட். நான் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பொன்னோடு பெண்ணின் தாயார் பொன்னையும் சேர்த்து உருக்கித் தாலி செய்வது அவர்கள் வழக்கம். நல்ல நேரம் ஒன்பது மணிக்கு.

மா செல்வி காசை என் உள்ளங்கையில் வைத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் ரோமப் பேரரசன் திபேரியஸ், மறுபக்கம் கிளையேந்தி அமர்ந்திருக்கும் பெண். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகு வாங்கக் கப்பலேறி நம் கரைக்கு வந்த பொன்! யாங்கோனின் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த அவர் பாட்டனார் அதை இடுப்பில் முடிந்து கொண்டுவந்தாராம். ராஜாவின் கன்னத்தில் ஆழமாக ஓர் உளி வெட்டு.

"மூளிக்காசு தம்பி. வெட்டுத் தெரியக்கூடாதுன்னு நான் திருப்பியேதான் போட்டுக்குவேன். இதை அப்பிடியே எம் மக கழுத்துல ஏத்தலாமா? அதான் உருக்கிப்புடலாம்னு."

"அக்கா, தென்னிந்தியாவுல கிடைச்ச ரோமக் காசுல நிறைய இப்படித்தான் வெட்டியிருக்கு. பொன்னைச் சோதிக்கவா, செல்லாம ஆக்கவா, யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா இது மூளி இல்ல. நம்ம பக்கம் வந்துட்டுப் போன அடையாளம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பொன்னு சேராம அவளுக்குத் தாலியா? கழுத்துத் தாலியத் தவிர வேற ஷ்வே, தங்கம்னு ஒண்ணு எங்கிட்ட இல்லையே."

மணி 8.50. ஆசாரி காசை வாங்கிப் பார்த்தார். "கயித்துல கோக்க இந்தக் காசு மேல இருக்கிற பொன் வளையம் பின்னால பத்தவச்சதுதானே? இது உங்க பொன்னு இல்லையா? ஒரு பொட்டு போதும்மா."

வளையத்தை மட்டும் நறுக்கி உருக்கினார். மணப்பெண் தீபா, யாங்கோன் புறநகரான லைங் தாயாவில் தையல் ஆலைக்காரி, காசை எடுத்து ராஜாவின் வெட்டைத் தடவினாள். "நம்ம ஆளுங்களா உன்ன வெட்டுனாங்க?" என்று அவனையே கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

போகிறவர்களுக்கு: காலைப் படகில் போங்கள், கூட்டம் குறைவு. மடிப்பு விழாத புது டாலர் நோட்டுகள் எடுத்துப் போங்கள். பழங்காசு எதையாவது கண்டால் வாங்கிப் பையில் போட்டுவிடாதீர்கள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கண்ணால் பார்த்ததே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

போன வாரம் மா செல்வி ஒரு படம் அனுப்பினார். சாமி விளக்கடியில் காசு இருக்கிறது, வெட்டுப்பட்ட கன்னம் வெளியே தெரியும்படி.