பூஜையில் வைத்த நெபுலைசர்

டர்ர்ர்ர்ரென்று அந்த மிஷின் ஓட ஆரம்பித்தால் வீடு முழுக்க மருந்து வாசனை. மாஸ்க்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். அம்மாவின் முகம் பாதிதான் தெரியும்...

இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிறகு. திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலேயே நெபுலைசர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அம்மாவுக்கு வீசிங். டாக்டர் சொல்லி அப்பா வாங்கி வந்தார்.

அப்பாவுக்கு செங்கம் ரோட்டில் பஞ்சர் கடை. மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் காத்தடிக்கிற கம்ப்ரசர்தான். நம்ம கடையில கீறதோட குட்டி" என்று சிரித்தார். மாஸ்க்கைக் கழுவிக் காயவைப்பது, மருந்தை அளந்து ஊற்றுவது எல்லாம் அவர்தான். அம்மாவைத் தொடவே விடமாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் சென்னையிலிருந்து போயிருந்தேன். கடையில் ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்த அப்பா, நெபுலைசரையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்தார். பொண்டாட்டி உயிரைக் காப்பாற்றுகிற ஆயுதமாயிற்றே, அதற்குச் செய்யாமல் எதற்குச் செய்வது என்றார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

சாம்பிராணி போட்டோம். அம்மாவுக்கு இழுக்க ஆரம்பித்தது.

மிஷினை எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாதாம். முந்தைய வருஷம் யாரோ லாரிக்காரர் அவசரப்படுத்தினார் என்று பூஜையில் இருந்த ஜாக்கியை அப்பா எடுத்து, அது சரிந்து, கால் விரல் நசுங்கிப் போனது. அம்மா அதை மறக்கவே இல்லை.

"காலைல எடுத்துக்கலாம்டி... உங்கப்பா ரோட்டு மேல உக்காந்து பொழைக்கிறவரு."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. சொல்றத கேளு" என்று அப்பா கெஞ்சினார். மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோகக் கொண்டுபோகத் தள்ளிவிட்டாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

தள்ளத் தெம்பில்லாமல் போன பிறகுதான் வைக்க முடிந்தது. மிஷின் ஓடியது, புகை வந்தது. அதை உள்ளே இழுக்க அம்மாவிடம் மூச்சு இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன், வாழைக்கன்று கட்டி பூஜை போட்டு நிறுத்தியிருந்த ஆட்டோவை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் அப்பா மடியிலேயே போய்விட்டாள்...

டாக்டர் எல்லாம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். எவ்வளவு மருந்து, எப்படிக் கழுவுவது, எப்போது ஓடி வருவது... பூஜை நாளைப் பற்றி அவர் எப்படிச் சொல்வார்? அவருக்குத் தோன்றியே இருக்காது.

இப்போது வீட்டுக்கு வீடு நெபுலைசர். என் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அடித்துக்கொண்டு காலேஜுக்குப் போய்விடுகிறாள். நாள் கிழமை பார்ப்பதில்லை. இவ்வளவுதானே அம்மா, இவ்வளவுதானே...

அப்பா இன்னும் கடைக்குப் போகிறார். அந்த ரோட்டில் எத்தனையோ விபத்து, அவர் மேல் ஒரு கீறல் கிடையாது. "எல்லாம் அந்தம்மா புண்ணியம், அதான் உங்கள காப்பாத்துது" என்று தெருவில் சொல்வார்கள்.

அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.