சுறா எண்ணெய் பூசிய மோட்டார்

முழங்கால் வலிக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தேன் நிறத்தில், உருண்டையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. “அப்படியே முழுங்கணும் மாமா, கடிச்சிடாதீங்க” என்று மருமகள் சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். கேட்டிருக்க வேண்டாத ஒரே ஒரு ஆளின் பேச்சை மட்டும் வருஷக்கணக்காகக் கேட்டுத் தொலைத்தேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மாத்திரையைக் கடித்துவிட்டேன். வாய் முழுக்க மீன் எண்ணெய்.

மருமகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மாத்திரை மேலோ அவள் மேலோ இல்லை. எப்போதோ செத்துப்போன ஒரு ஹெட்கிளார்க் மேல், அவர் மேஜையிலிருந்த கூஜா மேல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒல்லிக் கழுத்தும் எண்ணெய் வழிந்த தலையுமாக அவர் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா மேல். அந்தக் குமாஸ்தா நான்தான்.

இந்த வாசனையை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியவள் செங்கேணி. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கடலை ஒட்டி ஒரு குப்பம் இருந்தது. அங்கே படகுகளுக்கெல்லாம் சுறா எண்ணெய் பூசுவார்கள். மரம் உப்பில் அரிக்காமல் இருக்க அதுதான் மருந்து. செங்கேணி அதை ஒரு மோட்டாருக்குப் பூசினாள். வாரம் தவறாமல், பிள்ளைக்குத் தலை தேய்ப்பதைப் போல. அவள் கொண்டுவந்த மனு, அதை வைத்த ஃபைல், ஃபைலை எடுத்த என் விரல், எல்லாம் அந்த வாசனைதான். ராயபுரத்துக்கு சைக்கிளில் வீடு திரும்பினால், சோற்றில் கை வைக்கும்போதுகூட வரும். “ஆபீசுல மீனா விக்கிற?” என்று அம்மா கேட்பாள்.

ஆபீஸ் என்றால் மின்சார ஆபீஸ். சுதந்திரம் வந்த சமயத்தில்தான் பட்டணத்துக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அடுத்தாற்போல் டில்லியில் மின்சாரத்துக்கென்று புதிதாக ஒரு சட்டமும் வந்தது. இனி லாபத்துக்கு இல்லை, ஜனங்களுக்குத்தான் மின்சாரம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். நானும் போய்க் கை தட்டினேன். பிறகு ஆபீசுக்கு வந்து என் வேலையைப் பார்ப்பேன். என் வேலை என்ன தெரியுமா? கம்பெனிக் காலத்தில் அச்சடித்த விண்ணப்பத் தாள்கள் அறை நிறைய மிச்சம் இருந்தன. தாளின் தலையில் கம்பெனி பெயரைச் சிவப்பு மசியால் கோடு போட்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் சர்க்கார் ரப்பர் ஸ்டாம்ப்பைக் குத்த வேண்டும். கீழே இருக்கிற கேள்விகள் எதுவும் மாறவில்லை. நானோ நாட்டையே மாற்றுகிறவன் மாதிரி ஓங்கி ஓங்கிக் குத்துவேன்.

ஹெட்கிளார்க் பெயர் சபாபதி. மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார். காப்பி வாங்கினால் எனக்குப் பாதி தருவார். இந்த மாதிரி ஆட்கள் செய்கிற கெடுதலைக் கெடுதல் என்று கண்டுபிடிக்கவே நமக்குப் பாதி ஆயுள் ஆகிவிடுகிறது.

செங்கேணி முதல் தடவை வந்தபோது வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். நாற்பது வயசு இருக்கும். புருஷன் புயலில் கடலோடு போனவன். இரண்டு பெண்கள். மீன் கூடையைத் தலையில் வைத்து ராயபுரம் வரைக்கும் நடந்து நடந்து முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அப்போது ரேஷன் காலம். கடையில் கேழ்வரகும் சோளமும் முழுசாகப் போடுவார்கள். குப்பத்துப் பெண்கள் மீன் விற்ற களைப்போடு அதைத் திருவொற்றியூர் மாவு மிஷினுக்குத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். குப்பத்திலேயே ஒரு மிஷின் வைத்தால் தனக்கும் பிழைப்பு, அவர்களுக்கும் நடை மிச்சம் என்று செங்கேணிக்குத் தோன்றியிருக்கிறது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்களே, அங்கே போய்க் காதிலும் மூக்கிலும் கிடந்ததைக் கொடுத்து ஒரு மோட்டார் எடுத்துவிட்டாள். அரைக்கிற கல்லும் வாங்கியாகிவிட்டது. கரண்ட்தான் இல்லை.

“மிஷின் வூட்ல கீது நைனா. ஒயருதான் இல்ல. ரோட்ல போற கம்பிலேர்ந்து ஒண்ணு இஸ்துக் குடுத்தா போதும்” என்றாள்.

சபாபதி தலையைத் தூக்காமலே, “நிலம் யாரு பேர்ல இருக்கு?” என்று கேட்டார்.

“நிலமா? கடலாண்ட கீறோம். எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேர்ந்து கீறோம்.”

“உரிமையாளர் யாருன்னு ஃபாரத்துல எழுதணும்மா. பட்டா இல்லாம லைன் கிடையாது.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டாம்ப்பைப் பார்த்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சபாபதியின் மேஜையில் ஒரு கூஜா உண்டு. அதற்கு அடியில், தண்ணீர் மேஜையில் படாமல் இருப்பதற்காக ஒரு தடித்த புத்தகம். கம்பெனிக் காலத்திலிருந்தே அமலில் இருந்த மின்சாரச் சட்டம். அவர் சாப்பிடப் போன நேரத்தில் கூஜாவைத் தூக்கி வைத்துவிட்டு அதைப் புரட்டினேன். இங்கிலீஷ் சட்டம். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒரு பத்தியைத் தாண்டவே எனக்கு மூன்று மதியம் பிடித்தது. ஆனால் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு தெருவில் ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எழுதிக் கேட்டால், சில நிபந்தனைகளோடு, அந்தத் தெருவுக்கு லைன் போட்டே ஆக வேண்டும். கேட்கிறவர் இடத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. குடியிருந்தால் போதும். எங்கள் ஃபாரத்தில்தான் ‘உரிமையாளர்’ என்று மட்டும் இருந்தது. குடியிருப்பவர் என்கிற சொல்லை எவன் எப்போது விழுங்கினான் என்று தெரியவில்லை.

மறுநாளே குப்பத்துக்கு சைக்கிளை மிதித்தேன். “ஆறு பேர் கையெழுத்து வேணும்மா, அவ்ளோதான்” என்று செங்கேணியிடம் சொன்னேன். என்னவோ லைனையே இழுத்துவிட்டவன் மாதிரி எனக்கு ஒரே பெருமை. அவள் கோணியை விலக்கி மோட்டாரைக் காட்டினாள். எண்ணெயில் மினுமினுவென்று இருந்தது. “பாரு, ஒரு பொட்டுத் துரு கெடையாது” என்றாள்.

பத்து நாளில் மனு வந்தது. தலைச்சுமையாக மீன் தூக்குகிறவள், இந்த ஒரே காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பார்த்தேன். கீழே ஒரே ஒரு ரேகைதான் இருந்தது. குப்பத்து நாட்டாருடையது. அவர்தான் அங்கே பெரியதனக்காரர்.

“ஆறு பேர் சொன்னேனே அம்மா?”

“ஆறு பேரு இன்னாத்துக்கு? கிராமமே ஒக்காந்து பேசி முடிவு பண்ணிச்சி. நாட்டாரு ரேக வெச்சா அத்தினி வூடும் வெச்ச மாதிரி” என்றாள். அவளுக்கு என்னை நினைத்துத்தான் கஷ்டமாக இருந்தது. இதுகூடத் தெரியாத பிள்ளையாக இருக்கிறானே என்று.

அந்தக் குப்பத்து வழக்கம் அது. கோர்ட்டு, போலீஸ், துறைமுகம், எங்கே எழுதிக் கொடுத்தாலும் நாட்டார்தான் கை வைப்பார். ஒரு குடும்பம் தனியாகக் கையெழுத்துப் போட்டால் கிராமத்தைவிட்டு விலகிவிட்டதாக அர்த்தம். வலையில் பங்கு கிடையாது, சாவுக்கு ஆள் வராது. ஆறு பேர் கேட்டால் போதும் என்று சட்டம் சொன்னது. அவர்கள் மொத்தமாகவே கேட்டார்கள். மொத்தமாகக் கேட்டதால் ஒருவன் கேட்டதாக ஆகிவிட்டது. இந்தத் தப்பை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டாமா? கூஜாவுக்கு அடியிலிருந்த புத்தகத்தைப் படித்தவனுக்கு, சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிற ஜனங்களைத் தெரியவில்லை.

சபாபதி மனுவை இரண்டு விரலால் எடுத்து மோந்து பார்த்தார். “ஒரே மனுதாரர்தானே. நிராகரிச்சு லெட்டர் போட்டுடுங்க” என்றார். நான் போட்டேன். என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும் என்று ஆபீசில் பெயர். அந்தக் கடிதத்தைப் போல அழகாக நான் வேறு எதையும் எழுதினதில்லை.

அதோடு விட்டிருந்தாலாவது தேவலை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குப்பத்துக்குப் போனேன். நாட்டார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். செங்கேணியும் வந்து உட்கார்ந்தாள். சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று விளக்கினேன்.

“தனித்தனியா ரேக வெச்சா கிராமம் ஒடஞ்சி போச்சின்னு ஆயிடும். கவுருமெண்டு இன்னாத்துக்கு அத்த கேக்குது?” என்றார் நாட்டார்.

பிறகு அவரே யோசித்தார். அன்றைக்கே கிராமத்தைக் கூட்டினார். கிராமத்தின் உத்தரவுப்படி ஆறு குடும்பம் தனித்தனியாக ரேகை வைக்க வேண்டும், அது விலகினதாக ஆகாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, முதல் ரேகையைச் செங்கேணியை வைக்கச் சொன்னார். சட்டம் அவர்களுக்காக ஒரு எழுத்துக்கூட வளையவில்லை. அவர்கள் தங்கள் வழக்கத்தையே வளைத்துக் கொடுத்தார்கள்.

ஆறு ரேகைகளோடு மனு வந்தது. நான் தைரியமாகக் கூஜாவை எடுத்துவிட்டு, புத்தகத்தை விரித்து அந்தப் பத்தியைச் சபாபதிக்குக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இது கம்பெனியைக் கட்டிப்போட சர்க்கார் போட்ட சட்டம். கம்பெனி கொடுக்கலைன்னா சர்க்காருக்கு எழுதலாம். இப்ப நாமதான் சர்க்கார். நம்மளை யார் கேட்பா? பட்டா இல்லைன்னு எழுதிடுங்க.” கூஜாவை எடுத்துப் பழையபடி அதன் இடத்தில் வைத்தார். பிறகு, “உங்க நிரந்தர ஆர்டர் அடுத்த மாசம் வருதில்லையா?” என்று அன்பாகத்தான் கேட்டார்.

மாடியில் சபாபதிக்கும் மேலதிகாரியான எஞ்சினியர் இருந்தார். பன்னிரண்டு படி ஏறினால் அவர் அறை. நான் ஏறவில்லை. பட்டா இல்லை என்று எழுதினேன். என் ஆர்டர் வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். சபாபதி இரண்டாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை வந்தது. ஃபைல் குதிரை மாதிரி ஓடியது. கம்பங்கள் குப்பத்து மணலில்தான் நட்டார்கள். குழி தோண்டக் குப்பத்து ஆட்களையே கூலிக்குப் பிடித்தார்கள். தொழிற்சாலை நின்ற இடத்துக்கும் அப்போது பட்டா மாறவில்லை. அந்த ஃபைலையும் நான்தான் எழுதினேன். லைன் செங்கேணி வீட்டுக் கூரைக்கு மேலேயே போயிற்று.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அதற்கப்புறம், எண்ணூருக்கு மீட்டர் பார்க்கப் போகிற வழியில். கூடையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

“இன்னா நைனா, நல்லா கீறியா? கண்ணாலம் ஆயிடிச்சா?”

நான் எதை எதையோ உளறிவிட்டு, மோட்டாரைப் பற்றிக் கேட்டேன்.

“எங்க குப்பத்துப் பையனுங்க படவுக்கு நங்கூரம் வோணும்னானுங்க. குட்த்துட்டேன். நல்ல கனம் கீது. போட்டா அசையாம நிக்கிது” என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. “எண்ணெ பூசறதுதான் வுட்டுப் போச்சி. தண்ணிக்குள்ள கெடக்கறதுக்கு இன்னாத்துக்கு எண்ணெ?”

என்னைத் திட்டியிருந்தால் என் பாரம் அங்கேயே கழிந்திருக்கும். கூடையில் ஒரு கை கொடுக்கச் சொன்னாள். தூக்கிவிட்டேன். நடந்து போய்விட்டாள்.

பிற்பாடு மின்சார வாரியம் வந்தது, சட்டத்துக்குத் திருத்தம் வந்தது, திருத்தத்துக்குத் திருத்தம் வந்தது. சீர்திருத்தம் என்று பேப்பரில் பார்த்தாலே அந்தச் சிவப்பு மசிதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. தலையில் பெயரை அடிப்பார்கள், கீழே கேள்வி அப்படியே இருக்கும். போன மாதம் வீட்டு மீட்டரை என் பெயருக்கு மாற்றப் பேரன் ஃபோனிலேயே விண்ணப்பம் போட்டான். “தாத்தா, உரிமையாளர் பேர் கேக்குது” என்றான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

முழங்கால் டாக்டர் எண்ணூர் ரோட்டில்தான் இருக்கிறார். திரும்பி வரும்போது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். குப்பம் இல்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து வீடுகளைத் தின்றுவிட்டது. ஜனங்கள் சடையங்குப்பம், மாதவரம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களாம். அலை மேலே வராமல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாட்டார் பயந்தது கடைசியில் நடந்துவிட்டது, யாரும் எதிலும் தனியாக ரேகை வைக்காமலே. அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கேயோ செங்கேணியின் மோட்டார் கிடக்கும். அவளிடம் வந்த பிறகு அது ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.

ரோட்டோரம் லைன் மட்டும் இன்னும் போகிறது. அதன் கீழே நின்று ஒரு ஒயர் கேட்க, அங்கே இப்போது ஆறு பேர்கூட இல்லை.