இலவசமாகப் படித்தவர்கள்

கரண்டி என்பது அவர் பெயரல்ல. பள்ளி விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் கையில் இருந்த பொருளின் பெயர். பட்டம் வாங்கி, நீதிமன்றத்தில் தட்டச்சராகி, தலை நரைத்த பிறகும் பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் அவரைக் கண்டால் "வாடா கரண்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். அன்பாம்.

சத்தியம் பண்ணிவிட்டுப் புளுகுகிறவர்களின் வாக்குமூலங்களை எழுத்துப் பிசகாமல் அடித்தே காலம் தள்ளியவர் அவர். பொய்யின் வாடை தூரத்திலேயே பிடிபட்டுவிடும். ஆனால் பள்ளியின் நூற்றாண்டுக்காகத் திறக்கப்போகும் வரலாற்றுக் கூடத்தில், தன் முகத்துக்குக் கீழேயே ஒரு பொய் தொங்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

துடைப்பமும் வாளியுமாகச் சில பையன்கள் நிற்கும் பழைய படம். ஓரத்தில், முகத்தைவிடக் காது பெரிதாக, கரண்டி. கீழே பித்தளைத் தகட்டில், 'நிறுவனர் அருட்தந்தையின் கருணையால் இலவசமாகப் பயின்ற சேவைக் குழு மாணவர்கள்.'

சேவைக் குழுவாம். அந்தப் பள்ளியில் இருந்தது இரண்டே ரகம்: பணங்கட்டி, வேலைப்பையன். பணங்கட்டிக்கு வீட்டிலிருந்து கட்டணம் வரும். வேலைப்பையனுக்கு ஒன்றும் வராது. அதற்கு ஈடாக அவன் விடியலில் மாதா கோயில் தரையைத் துடைப்பான், கக்கூஸ் கழுவுவான், மூன்று வேளையும் பரிமாறுவான். சாப்பாட்டு முடிவில் மணி அடித்ததும் பணங்கட்டிகள் எழுந்து, சிலுவை போட்டுக்கொண்டு, தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வேலைப்பையன்கள் இடது கையில் தட்டுகளை அடுக்கி, டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மூச்சு விடாமல் அள்ளிப்போவார்கள்.

"இலவசம்னுதானே போட்டிருக்காங்க, திருடன்னா போட்டிருக்காங்க? விட்டுத் தள்ளுங்க" என்றார் மனைவி.

"கூலி வாங்கினவனைப் பிச்சை வாங்கினவன்னு எழுதுவானுங்களா? நான் கழுவின தட்டுதான் என் பட்டம். நாளைக்கு நம்ம பொண்ணு வந்து அதைப் படிப்பா."

"அப்போ அங்க போய்ச் சொல்லுங்க. என்கிட்ட கத்தினா தகடு மாறுமா?"

சங்கக் கூட்டம் அதே சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. தலைவர் மரக்கடைக்காரர், அந்தக் காலத்துப் பணங்கட்டி. வரலாற்றுப் பாடத்தில் ஒருமுறைகூடத் தேறாதவர். பள்ளியின் வரலாற்றை எழுதியது அவர்தான்.

"வேலைப்பையன்னு போட்டா நல்லாவா இருக்கும், கரண்டி? வெளியில என்ன நினைப்பாங்க?"

"நடந்ததை நினைப்பாங்க."

"நாமெல்லாம் அண்ணன் தம்பியாத்தானேப்பா இருந்தோம்?"

"ஆமா. அண்ணன்மாருங்க கக்கூஸ் போனீங்க, தம்பிங்க நாங்க கழுவினோம்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மரக்கடைக்காரர், முன்வரிசையில் இருந்த ஒரு கண் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டரும் அந்தப் படத்தில் இருப்பவர்தான். ஓசைப்படாமல் தட்டு அள்ளுவதில் மன்னன் என்பதால் அப்போது அவருக்குப் பூனை என்று பெயர்.

"நான் சேவையாத்தான் செஞ்சேன்" என்றார் பூனை, கடிகாரத்தைச் சரிசெய்தபடி. "பாதர் இல்லேன்னா நான் டாக்டரா? நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல."

மரக்கடைக்காரர்மேல் கரண்டிக்கு இருந்தது வெறும் எரிச்சல்தான். பூனையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சுமந்த மூட்டையை மாலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனிடம் என்ன பேச? கைதூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். தகடு அப்படியே இருக்கும் என்று முடிவாயிற்று.

பிறகு விருந்து. இப்போது பள்ளியை நடத்தும் பிரதரும் வந்து உட்கார்ந்தார். பழைய நினைவு வரட்டும் என்று மரக்கடைக்காரர் அந்தப் பழைய மணியையே தேடி எடுத்து வைத்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் ஆசையாக அடித்தார்.

பணங்கட்டிகள் எழுந்தார்கள், சிலுவை போட்டார்கள், தட்டை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். பூனையும் எழுந்தார். மரக்கடைக்காரரின் தட்டை எடுத்தார். அடுத்த தட்டு, அதற்கடுத்தது. இடது கையில் அடுக்கு ஏறியது. டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று போயின. சத்தமே இல்லை. பாதிக் கூடம் கடந்த பிறகுதான், கூலிக்கு வந்திருந்த பரிமாறுகிறவர்கள் தன்னை வாய் பிளந்து பார்ப்பதைப் பார்த்தார், நின்றார். குழம்பு சட்டைக் கைக்குள் வடிந்தது.

மரக்கடைக்காரர் கைதட்டினார். "பாத்தீங்களா? சேவை மனசு. ரத்தத்துலயே ஊறிப்போச்சு."

பணங்கட்டிகள் சிரித்தார்கள். கரண்டி எழுந்து போய்ப் பூனையின் காதோரம் சொன்னார்: "ஏண்டா நின்னுட்ட? இன்னும் மேசையில கெடக்கு பாரு. நன்றியை முழுசாச் செலுத்திட்டுப் போ."

பூனை திரும்பி நடந்தார். அடுக்கை மரக்கடைக்காரர் முன்னால் வைத்தார்.

"மேல இருக்கிறது பிரதர் தட்டு. அடியில இருக்கிறது உன்னோடது. கழுவு."

"டேய், என்னடா விளையாட்டு?"

"சேவைதானே. நீயும் செய்."

மரக்கடைக்காரர் தட்டைப் பார்த்தார், கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எடுத்துப்போக யாராவது வருவார்கள் என்ற அதே பழைய பார்வை. யாரும் அசையவில்லை.

உண்மையை எழுதவும் மனமில்லை, பொய்யைத் தொங்கவிடவும் தைரியமில்லை. சங்கம் படத்தையே கழற்றிவிட்டது. இப்போது அந்த இடத்தில் நிறுவனரின் மிதிவண்டி நிற்கிறது. தினமும் அதைத் துடைத்தது யார் என்று எந்தத் தகடும் சொல்லவில்லை.

படத்தைக் காவலாளி மூலம் கரண்டியின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் அதைக் கூடத்தில் மாட்டினார். கீழே தானே அடித்து ஒட்டினார்: 'வேலைப்பையன்கள். கூலி: படிப்பு.' மகள் வந்து, வாய்விட்டு ஒருமுறை வாசித்தாள்.

பூனையும் ஒருநாள் வந்தார். காபி குடித்தபடி வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுடா."

"இலவசமாவா?" என்றார் கரண்டி, காலி டம்ளர்களைப் பார்த்து.