ஐலசாவின் நீளம்

மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். தொங்காங் படகுகள்தாம் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும். படகிலிருந்து பெட்டிகளைக் கரையேற்ற எட்டுப் பேர் கப்பிக் கயிற்றை இழுப்பார்கள். ஒருவர் பாடுவார். ‘ஐலசா’ என்ற சொல் முடியும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்கு முடிவென்று ஒன்று கிடையாது. பெட்டி கரையைத் தொட்டதும் பாதி வரியில் நின்றுவிடும்.

நான் அறிந்த பாட்டு வேறு. காஜா பெராங்கில் திருவிழா மேடைகளில் பாடுகிறவன் நான். எங்கே குரலை நீட்டினால் எதிரே தலைகள் அசையும் என்பது எனக்குத் தெரியும்.

சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், ஒரு நாள் காலை, பாட்டுக்காரர் காய்ச்சலால் வரவில்லை. “கிராணிக்குக் கச்சேரித் தொண்டையாச்சே, அவரே பாடட்டும்லா” என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப் பாடினேன். நான்கு இழுப்பு சரியாக வந்தது. ஐந்தாவதில் ‘ஐல’ என்பதை நீட்டிக் குரலை ஒரு சுற்றுச் சுற்றினேன். நன்றாகவே வந்தது. பழகிய கணக்கில் சிலர் இழுத்துவிட்டார்கள். மற்றவர்கள் சொல் முடியக் காத்திருந்தார்கள். கயிறு நழுவியது. பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவரின் வலது கை, படகின் விளிம்பில் நசுங்கியது. மூன்று விரல்கள் போயின.

அன்று என் சொந்த நாட்குறிப்பில் நேரத்தையும் பெட்டியின் குறியையும் எழுதினேன். பாடியது யார் என்று எழுதவில்லை.

அடுத்த வருடம் சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு எங்கள் பகுதியில் கலைநிகழ்ச்சி ஏற்பாடு செய்தார்கள். படகுப் பாட்டு வேண்டும், நான்தான் பாட வேண்டும் என்றார்கள். விரல்களை இழந்தவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தெங்கேராவில் அவர் வீட்டுக்குப் போனேன். இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அதை முடிக்கும்வரை காத்திருந்து, வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று நான் நீட்டியதால்தான் அப்படி ஆனது என்பதையும் சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார்.

“மேடையிலதானே கிராணி? பாடுங்க. அங்க கயித்தைப் பிடிச்சிக்கிட்டு யாரும் நிக்கப் போறதில்ல” என்றார். பிறகு, “நான் வரல” என்றார்.

பாடினேன். கூட்டம் எதிர்பார்த்த இடத்தில் நீட்டாமல், கயிற்றுக்குப் பாடுவதுபோலச் சட்டென்று முடித்தேன். கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, முந்தைய வருடத்து நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. ‘ஐந்தாவது இழுப்பில் சொல்லை நீட்டியவன் நான்’ என்று எழுதி, எழுதிய நாளையும் பக்கத்தில் குறித்தேன்.